இறக்கத் தெரியாமல் போன கிரேன்காரன்

சங்கத்து ஆண்டு மலருக்கு என் சாதனையை எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, போன மாதம் மூன்று கிரேன் ஆபரேட்டர்கள் திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் புதிதாக வந்திருக்கும் ஒரு முனையத்தில் வேலை செய்கிறவர்கள். அங்கே கிரேன் மேல் யாரும் ஏறுவதில்லையாம். ஏசி அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே கப்பலில் இருந்து கண்டெய்னர் பெட்டிகளை இறக்குகிறார்களாம். கழிப்பறை எவ்வளவு தூரம் என்று கேட்டேன். இருபது அடி என்றார்கள். ஷிப்டுக்கு எத்தனை தடவை போவீர்கள் என்று கேட்டேன். 

“எங்கண்ணே எய்ந்துக்க முடியுது? எல்லாம் நீங்க காட்ன வழிதான். எட்டு மணி நேரம் எறங்காத ஆளாச்சே நீங்க” என்றான் ஒருவன், எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து.

என் மனைவி தேவகி அப்போதுதான் காபி கொண்டுவந்து வைத்தாள். “காபி அப்பால குடிக்கலாம். மொதல்ல மூணு பேரும் போயி ஒண்ணுக்கு இருந்துட்டு வாங்கடா” என்று உள்ளே கை காட்டினேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வரிசையாகப் போய்விட்டு வந்தார்கள். மூன்றாவது ஆள் வெளியே வர எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் கவனித்துக்கொண்டேன்.

ஆகவே அந்தச் சாதனையைப் பற்றியே நான் சொல்லச் சொல்ல, என் சின்ன மகன் எழுதுகிறான். வெட்கப்படுகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நான் வெட்கப்பட்டு இழந்த வருடங்கள் எனக்குப் போதும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பதினேழு வயதில் தினக்கூலியாகத் துறைமுகத்துக்குள் போனேன். கப்பலின் அடிக்கிடங்கில் மூட்டைகளுக்கு வலை கட்டினேன். பிறகு வலைமூட்டையைத் தூக்கி இறக்கும் வின்ச், பிறகு சின்ன கிரேன். பெட்டிக் கப்பல்கள் வந்தபோது டிப்ளமோ படித்தவர்கள் பரீட்சை எழுதிப் பெரிய கிரேனுக்கு வந்தார்கள். நான் ஓட்டிக் காட்டி வந்தேன். என்னைச் சோதித்த அதிகாரி ஒரு தீப்பெட்டியைத் தரையில் நிமிர்த்தி வைத்து, கண்டெய்னரை அதன்மேல் தொட்டு நிறுத்தச் சொன்னார். தொட்டு நிறுத்தினேன். தீப்பெட்டி நின்றபடியே நின்றது. அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் நின்ற டிப்ளமோக்கள் நாலு பேரும் அந்தத் தீப்பெட்டியை நசுக்கியவர்கள். இதை நான் அடிக்கடி சொல்வேன் என்று தேவகிக்குக் குறை. சொல்ல வேண்டிய விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

வின்ச் காலத்தில் எங்களுக்கு இரண்டே வார்த்தை. கப்பலின் மேல்தளத்தில் நின்று சைகை காட்டுகிறவர் ‘ஹபீஸ்’ என்று கத்தினால் தூக்க வேண்டும். ‘ஆரியா’ என்று கத்தினால் இறக்க வேண்டும். எந்த ஊர் வார்த்தையோ, எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் தெரியாது. ஹபீஸ் எவனும் செய்துவிடுவான். ஆரியாவில்தான் ஆபரேட்டர் யாரென்று தெரியும்.

பெரிய கிரேனின் கேபின் என்பது பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு. தரையும் கண்ணாடிதான். இரண்டு முழங்காலுக்கும் நடுவே குனிந்து கீழே பார்த்தபடி வேலை செய்ய வேண்டும். பெட்டி கப்பலைத் தொடும் ஒவ்வொரு முறையும் தொடை இறுகும், வயிறு உள்ளே போகும், மூச்சு நிற்கும். இறங்க வேண்டுமென்றால் வாக்கி டாக்கியில் ரிலீவர் கேட்க வேண்டும். ரிலீவர் என்றால் நம் இடத்தில் உட்கார வரும் மாற்று ஆள். அவர் ஏறி வந்தால்தான் நாம் இறங்கலாம். அதற்குச் சோம்பல்பட்டுச் சிலர் காலி பாட்டில் எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். அந்தக் கலீஜெல்லாம் எனக்கு ஆகாது. காலையில் ஒரு தம்ளர் தண்ணீரோடு ஏறினால் ஷிப்ட் முடியும்வரை நான் அசைய மாட்டேன். பெட்டியின் நாலு மூலையையும் கவ்விக்கொள்ளும் பூட்டு மாதிரி இருக்கிறேன் என்று எனக்குப் ‘பூட்டு’ என்று பெயர் வைத்தார்கள். கஜேந்திரன் என்றால் துறைமுகத்தில் யாருக்கும் தெரியாது. பூட்டு என்றால் கேட்டில் நிற்கும் காவலருக்கும் தெரியும்.

அந்தப் பெயரை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் ஸ்டீபன் சார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேதான் பேசுவார். வாக்கியில் அவர் குரல், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்கிறவர் குரல்போல அத்தனை சாந்தமாக இருக்கும். ரிலீவர் கேட்டால் ஒரு நாளும் இல்லை என்று சொல்ல மாட்டார். “வர்றாரு, வர்றாரு. அதுக்குள்ள இன்னும் ஒண்ணு” என்பார். அந்தப் பெட்டி முடிந்ததும் இன்னும் ஒண்ணு. அதுவும் முடிந்ததும் இன்னும் ஒண்ணு. கத்துகிற மனிதரோடு சண்டை போடலாம். இவரோடு என்னத்தைச் சண்டை போடுவது? புது ஆள் யாராவது முணுமுணுத்தால், “பூட்டைப் பாருப்பா. காலையிலேர்ந்து அசைஞ்சானா?” என்பார். நான் மேலே இருந்து கேட்டு மீசையைத் தடவிக்கொள்வேன்.

தனசேகர் என்று ஒரு ஆபரேட்டர் அப்போது சேர்ந்திருந்தான். வியாசர்பாடிக்காரன், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், கை சுத்தமான வேலைக்காரன். என்னைப் பார்த்துத்தான் அவன் பாட்டில் எடுத்துப் போவதை நிறுத்தினான். “உன்ன மாரி ஆவணும்ணே” என்றான். ஆகு என்று தோளில் தட்டிக்கொடுத்தேன். முட்டாள் நான்.

எனக்கு ஐம்பத்தைந்து வயதானபோது ஆரம்பித்தது. கிரேன் ஏறுமுன் இரண்டு தடவை போய்விட்டு ஏறுவேன். ஏறி உட்கார்ந்ததும் மறுபடி வருவதுபோல் இருக்கும். ஷிப்ட் முடிந்து ஓடிப்போய் நின்றால் வராது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் மாறி மாறிப் போவார்கள், நான் நிற்பேன். நாலு சொட்டு வரும். பேண்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் திரும்பவும் போகவேண்டும்போல் இருக்கும். அப்புறம் உட்காருமிடத்தில் வலி சேர்ந்துகொண்டது, கண்ணாடிச் சில்லு மேல் உட்கார்ந்ததுபோல.

சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். பிராஸ்டேட் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வயசுக்குச் சரிதான் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையில் தலை சுற்றியதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து ஒரு நண்பன் போனில் ஒரு வீடியோ அனுப்பினான். ஒண்ணுக்கை நிறுத்துவதுபோல் உள்ளே இறுக்கி இறுக்கி விட வேண்டுமாம், அடிவயிறு பலமாகிவிடுமாம். இறுக்குவதுதான் எனக்குக் கைவந்த கலை ஆயிற்றே. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் செய்தேன். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. பத்து நாளில் வலி இரண்டு மடங்கு ஆனது. பலம் போதவில்லை என்று நினைத்து நானூறு ஆக்கினேன்.

கடைசியில் பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர், எல்லாச் சோதனைத் தாளையும் பார்த்துவிட்டு, “கல்லு இல்ல, கட்டி இல்ல, அடைப்பும் இல்ல. இது தசைப் பிரச்சினை. பிசியோதெரபி போங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பிசியோதெரபி என்றால் கால் உடைந்தவனுக்கு மெழுகு ஒத்தடம் கொடுக்கும் இடம் என்றுதான் எனக்குத் தெரியும். மூத்திரத்துக்கு எதை இழுத்து நீட்டுவார்கள்? சீட்டைச் சட்டைப் பையில் போட்டேன். சட்டை துவைக்கப் போகும்போதெல்லாம் தேவகி அதை எடுத்து வைத்து, திரும்பவும் பையில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இரண்டு மாதம் கழித்துத்தான் கேட்டாள்.

“இன்னாயா இது, சட்டையோட சேத்து இதுவும் கிழியட்டும்னு கீறியா?”

அதற்கு மேலும் தள்ள முடியாத நிலை. கேபினில் உட்கார முடியாத ஆபரேட்டருக்குக் கம்பெனி தரும் ‘லேசான வேலை’ என்னவென்று எனக்குத் தெரியும். கேட்டில் உட்கார்ந்து லாரிக்குச் சீட்டு எழுதுவது. ஐந்தாம் வகுப்பு படித்தவனுக்கு அது லேசான வேலை இல்லை.

சீட்டில் எழுதியிருந்த இடம் தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி. பலகையில் ‘பிரசவத்துக்கு முன், பின்’ என்று போட்டிருந்தது. பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள், பாதிப் பேர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு. திரும்பிப் போயிருப்பேன். அதற்குள் பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா மேடம் நோட்டோடு வெளியே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும்.

“யாருக்கு சார்?”

“பொண்ணுக்கு” என்றேன்.

“வரலையா? சரி, என்ன தொந்தரவுன்னு சொல்லுங்க.”

“வர்ற மாரியே இருக்கும், போனா வராது. பாவம், சொவத்த புட்ச்சிகினு நின்னுகினே இருக்கும், கால் மணி நேரம்.”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். “நின்னுகிட்டேவா சார்? பொண்ணா?”

பெஞ்சில் ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு இருப்பது இரண்டும் பையன்கள். ஜெசிந்தா மேடம் சிரிக்கவில்லை. “உள்ள வாங்க சார், ஃபேன் கீழ உக்காருங்க” என்றார். அந்த ஒரு மரியாதைக்காகத்தான் நான் உள்ளே போனேன்.

ஜெசிந்தா மேடம் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். என் தொழிலில் நான் எப்படியோ, அவர் தொழிலில் அவர் அப்படி. முதல் நாள் தொடவே இல்லை, கேள்விதான். எத்தனை மணிக்கு என்ன குடிப்பீர்கள், எத்தனை தடவை எழுந்திருப்பீர்கள், மலச்சிக்கல் உண்டா, எப்படி உட்கார்ந்து வேலை செய்வீர்கள். கடைசியாக ஒரு கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையும் ஒரு தாளும் கொடுத்தார். மூன்று நாளைக்கு, குடிப்பதையும் போவதையும் அளந்து நேரத்தோடு குறிக்க வேண்டும். எழுத்து வராது என்றேன். “கோடு போடத் தெரியும்ல, கோடு போடுங்க” என்றார். குறித்தேன். அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, நாள் முழுக்க நான் குடித்தது ஒரு பூனை குடிக்கிற அளவு.

இரண்டாவது தடவை, முந்நூறு, நானூறு விஷயத்தைச் சொன்னேன்.

“யார் செய்யச் சொன்னது?”

“போனு.”

கண்ணை ஒரு நிமிடம் மூடிக்கொண்டார். “கையை முஷ்டி பிடிங்க. நல்லா இறுக்கி. இப்ப இதுக்கு மேல மூடுங்க பாப்போம்.”

“இதுக்கு மேல எங்க மூடறது?”

“அதே கையால இந்தத் தம்ளரை எடுங்க.”

“வெரல தொறக்காம எப்டிம்மா எடுக்கறது?”

“அதான் சார் உங்களுக்கு. வயித்துக்குள்ள இருக்கிறதை எல்லாம் கீழேர்ந்து வலை மாதிரி தாங்குற தசை இருக்கு, இடுப்புத்தளம்னு சொல்லுவோம். உங்களுக்கு அது பலமில்லாம இல்ல. மூடியே கிடக்குது, விட மறந்துபோச்சு. வெளிய உக்காந்திருக்காங்களே, அதுல சில பேருக்கு இறுக்கக் கத்துக்குடுக்கணும். உங்களுக்கு விடக் கத்துக்குடுக்கணும். யாருக்கு எதுன்னு பாக்காம செஞ்சா இப்படித்தான் ஆகும்.”

முப்பது வருடம் நான் மீசை தடவியதற்கு இதுதான் அர்த்தம் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. மாத்திரை கொடுத்தவர்மேலா, வீடியோக்காரன்மேலா, ஸ்டீபன் சார்மேலா, என்மேலா.

தரையில் மல்லாக்கப் படுத்து, காலை நாற்காலியில் வைத்து, ஒரு கையை வயிற்றின் மேலும், இன்னொன்றைத் துணிக்கு மேலாகவே தொடை இடுக்கிலும் வைக்கச் சொன்னார். மூச்சை உள்ளே இழுக்கும்போது அடிப்பகுதி தானாகக் கீழே இறங்க வேண்டும்.

“தளர விடுங்க சார்.”

“உட்டுட்டேன்.”

“இல்ல, பிடிச்சிருக்கீங்க.”

“உட்டுட்டேம்மா!”

“தோள் காது வரைக்கும் ஏறியிருக்கு. இப்பவும் பிடிச்சிருக்கீங்க.”

மூன்று வாரம் இதே சண்டை. நானும் பேஜாராகி, அவரும் பேஜாராகி, ஒரு நாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, “உங்க வேலையில கண்டெய்னரைக் கீழ இறக்குவீங்களே, கடைசி ஒரு அடி எப்படி இறக்குவீங்க?” என்றார்.

“அத்த தள்ளக் கூடாது. அதோட கனத்துலியே வரட்டும்னு உடணும். கீழ நிக்கறவன் ஆரியா, ஆரியான்னு சொல்வான். மெதுவா, ஆரியா…”

சொல்லும்போதே ஏதோ இறங்கியது. உள்ளங்கைக்குக் கீழே, அரை அங்குலம் இருக்கும், வலையில் மூட்டை வந்து உட்காருவதுபோல. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அவருக்கும் தெரிந்துவிட்டது. “நிறுத்தாதீங்க, அதையே சொல்லுங்க” என்றார். ‘ஆரியா’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மூச்சை இழுத்தேன். எப்பேர்ப்பட்ட பெட்டியையும் தொட்டு நிறுத்திய எனக்கு என் சொந்தச் சரக்கை இறக்க ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அடுத்த வாரம் போனபோது திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம் அவர், “அப்படியே கீழ… ஆரியா… ஆரியா…” என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரிடமிருந்து வந்த வார்த்தை என்று அந்தப் பெண்ணுக்கு நான்தான் எழுந்து போய்ச் சொன்னேன்.

எனக்குக் குணமாக நாலு மாதம் ஆனது. தண்ணீர் குடித்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, முக்காமல், நிதானமாகப் போனேன், வீட்டில் என்றால் உட்கார்ந்து. இதைத் தேவகியிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் சாதாரணமாகச் சொல்கிறாள்: “எனக்கு தும்முனா ரெண்டு சொட்டு வந்துரும். சின்னவன் பொறந்ததுலேர்ந்து.”

சின்னவனுக்கு அப்போது இருபத்தாறு வயது.

“இத்தினி வர்சமா ஏன்டி சொல்லல?”

“நீ சொன்னியா?”

ஒரே வீட்டில், ஒரே கழிப்பறையில், இருபத்தாறு வருடம்! அடுத்த வாரமே அவளையும் கூட்டிப்போனேன். அவளுக்கு இறுக்குகிற பயிற்சி. எனக்கு முன்னால் அவளுக்குச் சரியாகிவிட்டது. அந்தப் பெருமை அவளுக்கு இன்றும் உண்டு.

இவ்வளவு தெரிந்த நான் வேலையிடத்தில் என்ன சொன்னேன்? இடுப்பு வலி, பிசியோதெரபி போகிறேன், நடுநடுவே இறங்கி நடக்க வேண்டும் என்று. இடுப்பு வலி என்பது கௌரவமான வியாதி. யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஒரு வருடத்தில்தான் தனசேகருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

ஒரே ஷிப்டில் ஐந்து தடவை அனுமதியில்லாமல் கேபினை விட்டு இறங்கினான். ஐந்தாவது தடவை, கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் பெட்டியைத் தொங்கவிட்டே வெளியே வந்துவிட்டான். கீழே ஆட்கள் இருந்தார்கள். அது பெரிய தப்பு, நான் மறுக்க மாட்டேன். அதற்கு வேலையை விட்டே அனுப்பலாம். விசாரணையில் தொழிலாளிக்குத் துணையாக ஒரு சக தொழிலாளி உட்காரலாம். அப்படிப் பலருக்கு நான் உட்கார்ந்திருக்கிறேன். சட்டம் படித்தவர்கள் எனக்குப் பதில் சொல்லத் திணறியதுண்டு. அவனும் என்னைத்தான் கேட்டான். விசாரணை அன்று காலை, கேட்டுக்கு எதிரில் டீக்கடையில் அவனைப் பிடித்தேன்.

“எத்தினி நாளா கீது?”

“இன்னாண்ணே?”

“சொவத்த புட்ச்சிகினு நிக்கறது.”

“வவுத்தாலப் போச்சுண்ணே அன்னிக்கு. பதில்லயே எழுதிக் குட்த்துட்டேன்.”

“டேய், வவுத்தாலப் போறவன் ஒக்காருவான். நீ நிக்கற. நான் பாத்துகினுதான் கீறேன்.”

டீ டம்ளரைக் கீழே வைத்தான். “ரெண்டு வர்சமாண்ணே.”

“வூட்ல தெரியுமா?”

“தெரியாது. எம் பொஞ்சாதி வேற இன்னாவோ நெனச்சிகினு மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீது. அண்ணே, உள்ள இத்த சொல்லிடாத. வேல போனாலும் பரவால்ல. கூட வேல செய்ற பசங்க ஓட்டியே சாவடிச்சிடுவானுங்கோ.”

இரண்டு பிள்ளைக்காரன், வேலை போனாலும் பரவாயில்லையாம். அறையலாம் போலிருந்தது. ஆனால் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். உன் உடம்பைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன், போ.

நிர்வாகக் கட்டிடத்தின் இரண்டாவது மாடி. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல். ஒரு பெண் தட்டச்சு செய்ய, ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். நிர்வாகத் தரப்புச் சாட்சி ஸ்டீபன் சார். ஹெல்மெட்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கம்பெனி டாக்டர், வயிற்றுப்போக்குக்கு அறிகுறி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளைப் படித்தபோதே கேஸ் முடிந்துவிட்டது மாதிரிதான். என் முறை வந்தது.

“சார், அன்னிக்கு தனசேகரு ரிலீவர் கேட்டானா?”

“கேட்டாரு” என்றார் ஸ்டீபன் சார்.

“எத்தினி தபா?”

“நாலஞ்சு தடவை.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

துடைப்பது நின்றது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். “இன்னும் ஒண்ணுன்னு சொன்னேன்.”

“டைப் பண்ணிக்கம்மா” என்றேன்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வயித்துப்போக்குன்னு எழுதிக் குடுத்திருக்கார், அது பொய்யின்னு ஆயிடுச்சு. வேற வியாதி எதையும் அவர் சொல்லலை. நீங்க எதை நிரூபிக்கப் பாக்கறீங்க?”

“அவனுக்கு இன்னான்னு நான் சொல்ல வரல சார். எனக்கு இன்னா ஆச்சின்னு சொல்றேன்.”

சொன்னேன். சுவரைப் பிடித்து நின்றது, நாலு சொட்டு, கண்ணாடிச் சில்லு, முந்நூறு தடவை, தண்டையார்பேட்டை மாடி, பெஞ்சில் கர்ப்பிணிகள், எல்லாம். இடுப்பு வலி என்று ஒரு வருடம் சொன்னது பொய் என்றும் சொன்னேன். தட்டச்சுப் பெண் பாதியில் நிறுத்தி அதிகாரியைப் பார்த்தாள்.

“சார், இதை… எப்படிப் போடறது?”

“மூத்திரம்னே போடும்மா. அதுக்கு இன்னா வேற பேரு கீது?” என்றேன்.

“சிறுநீர்னு போடுங்க” என்றார் அதிகாரி.

“பூட்டு… நீயா?” என்றார் ஸ்டீபன் சார். ரொம்ப மெதுவாக. பத்து வருடம் அவர் எல்லோருக்கும் உதாரணம் காட்டிய ஆள் நான். அவர் என்னைப் பார்த்த பார்வையைவிட, சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான்தான் சார். என்னப் பாத்துத்தான் இவன் கத்துகினான்” என்றேன். இதுவும் தட்டச்சு ஆனது. ஐந்தாம் பக்கம். கையெழுத்துப் போட்டேன்.

 பிறகு தனசேகர் எழுந்து நின்றான். “சார், வவுத்தாலப் போச்சுன்னு நான் எழுதுனது பொய்யி. எனக்கும் அதேதான்.”

வேலை போகவில்லை. பெட்டியைத் தொங்கவிட்டதற்குக் கடுமையான எச்சரிக்கை. வைத்தியம் முடித்துச் சான்றிதழோடு வந்தால் மறுபடி கிரேன். அதுவரை கேட்டில் சீட்டு எழுதும் வேலை. ரிலீவர் கேட்டால் உடனே தர வேண்டும் என்றும் ஒரு வரி. அந்த ஒரு வரியை வாங்க நான் பட்ட பாடு!

நன்றி சொல்வான் என்று பார்த்தால், தனசேகர் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. விஷயம் வெளியே கசிந்து, ஆட்கள் அவனுக்குக் ‘குழாய்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டாம் கிரேன் வேலு, இவன் கேட்டில் இருப்பது தெரிந்தே வாக்கியில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று தண்ணீர் விடும் சத்தம் கொடுப்பான். என்னிடம் யாரும் வைத்துக்கொள்ளவில்லை, என் வாய்க்குப் பயம். “ஒன்னால தாண்ணே இத்தினியும்” என்றான் தனசேகர், கடைசியில் பேசியபோது. உண்மைதானே. அவன் நினைத்த அர்த்தத்தில் மட்டும் இல்லை. “திட்டு. ஆனா திங்கக்கெழம காத்தால ஒம்போது மணிக்கு அந்த மாடில இரு” என்றேன். இருந்தான். திட்டிக்கொண்டே போய்த் திட்டிக்கொண்டே வந்தான். ஜெசிந்தா மேடம் அவன் மனைவியையும் ஒரு நாள் வரச் சொல்லி எல்லாவற்றையும் விளக்கினாராம். அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டதாம், வேறொருத்தி இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில்.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது அவன் சான்றிதழோடு திரும்பி வந்தான். அவனுக்கு நான்காம் கிரேன், எனக்கு மூன்று, வேலுவுக்கு இரண்டு. காலை ஷிப்ட். ஒரே கப்பலில் மூவரும் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தோம். இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும்.

“கிரேன் நாலு” என்றது வாக்கி.

“சொல்லுப்பா” என்றார் ஸ்டீபன் சார்.

“ஒண்ணுக்குப் போவணும் சார். ஆள் அனுப்புங்க.”

அந்த வாக்கியை லாரி அனுப்புகிறவர்களும் கேட்பார்கள், கப்பல் மேல் நிற்கிறவர்களும் கேட்பார்கள். நான் அங்கே இருந்த அத்தனை வருடத்தில் அதில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ‘ரிலீவர்’ என்போம், ‘கீழே ஒரு வேலை’ என்போம். வேலுவின் ‘ஸ்ஸ்ஸ்’ வரும் என்று நான் காத்திருந்தேன்.

“வர்றாரு, வர்றாரு. அதுக்குள்ள…” என்று ஆரம்பித்த ஸ்டீபன் சார் அங்கேயே நிறுத்தினார். வாக்கியில் அவர் மூச்சு கேட்டது. “பெட்டியை வெச்சிட்டு எறங்குப்பா.”

“கிரேன் ரெண்டு” என்றான் வேலு.

“என்ன?”

“எனக்குந்தான் சார்.”

“எப்பலேர்ந்து?”

“ஏறுனதுலேர்ந்து.”

எனக்கு அடக்க முடியவில்லை. பொத்தானை அழுத்தி, “ஏறுனதுலேர்ந்து இன்னாடா பண்ணிகினு இருந்த, கஸ்மாலம்?” என்று கத்தினேன். துறைமுகம் பூராவும் கேட்டிருக்கும்.

ரிலீவர் ஒரே ஆள்தான் இருந்தார். முதலில் கேட்டது நான் என்றான் தனசேகர். எனக்குத்தான் அவசரம் என்றான் வேலு. இரண்டு பேரும் வாக்கியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நான் என் பெட்டியைக் கீழே லாரியில் பூப்போல வைத்துவிட்டு, “கிரேன் மூணு. சீனியாரிட்டி பாருங்க சார்” என்றேன்.

கடைசியில் மூவரும் ஒன்றாக இறங்கினோம்; மூன்று கிரேனும் நின்றன. கப்பல் பதினோரு நிமிடம் சும்மா கிடந்தது. மூழ்கவில்லை.